ஆர்டிஸ் டிக் போட்ட கட்டம்

ஆர்டிஸ் ஹௌகன் அந்தக் காகிதத்துல 'இல்லை'ங்கிற கட்டத்துல ஒரு டிக் போட்டிருந்தா இந்தக் கதையே கிடையாது. எங்க மாவட்டத்துல அத்தனை பேரும் அந்தக் கட்டத்துலதான் போடுறோம். துப்பாக்கிக் கடையில, கஞ்சா பழக்கம் உண்டான்னு கேக்குற ஃபாரத்தையும் பேனாவையும் கையில குடுத்தாப் போதும், கை தானா அங்கே போயிடும். போட்டுட்டு, கையெழுத்தையும் வெச்சுட்டு, துப்பாக்கியைத் தோள்ல மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போய், ஒரு கஞ்சா மிட்டாயை வாயில அதக்கிக்கிட்டுப் படுக்குறவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியும். இப்போதைக்குப் பேர் சொல்ல மாட்டேன்.

என் பேரு டெல்மர். ஆட்டு ரோமம் வெட்டுறவன். மொன்டானாவோட வடக்கு ஓரம், கனடாக்காரன் தும்முனா எங்களுக்குக் கேக்கும். இருபத்திரெண்டு வருஷமா ஹௌகன் வீட்டுக் கொட்டகையில மெஷினை மாட்டி அவங்க ஆடுகளுக்கு ரோமம் வெட்டுறேன். முந்நூத்தி நாப்பது ஆடு, மூணு நாள் வேலை. முதுகை வளைச்சு நின்னா நாள் முழுக்க நிமிர முடியாது. சாயங்காலம் நிமிரும்போது வர்ற வலியை எங்க தொழில்காரன் எவனும் வெளியில சொல்ல மாட்டான்.

ஆடு ஈனுறதுக்கு முன்னாடியே நான் வெட்டி முடிச்சிடணும், அதுதான் வழக்கம். ஆனா அந்த வருஷம் மார்ச் மாசப் பனி ரோட்டை விடவே இல்லை. நான் போய்ச் சேரும்போது ஏப்ரல் பத்து ஆயிடுச்சு. பாதி ஆடு குட்டி போட்டு நின்னுச்சு. ஒரு பக்கம் நான் வெட்ட, மறுபக்கம் ஆர்டிஸ் முழங்கால் போட்டு உக்காந்து குட்டியை இழுக்க, நடுவுல அவ புருஷன் லோவெல் பெயிண்ட் டப்பாவோட நின்னான். எங்க பக்கத்துல தாய் முதுகுலயும் குட்டி முதுகுலயும் ஒரே நம்பரைச் சிவப்புப் பெயிண்டுல எழுதிடுவோம். மேய்ச்சல்ல எது யாரோடதுன்னு குழப்பமே வராது.

முத நாள் காலையில நான் வண்டியை விட்டு இறங்கும்போதே வேலி ஓரத்துல ஒரு ஆடு நின்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. முதுகுல அம்பத்தேழு. சுத்திமுத்திப் பாத்தேன், அம்பத்தேழாம் நம்பர் குட்டியைக் காணோம்.

"என்ன ஆர்டிஸ், அது தொண்டையைக் கிழிச்சுக்குது?"

"கயோட்டி" அப்படின்னா அவ, தலையைத் தூக்காம. கயோட்டின்னா நரிக்கும் ஓநாய்க்கும் நடுவுல ஒரு சாதி. ஓநாயோட திமிரும் இருக்கும், நரியோட புத்தியும் இருக்கும். "எட்டு நாள்ல பத்தொன்பது குட்டி. நேத்து காலையில என் கண்ணு முன்னாடி ஒண்ணைத் தூக்கிட்டுப் போச்சு டெல்மர். ஓடுச்சுன்னு நினைக்கிறியா? நடந்துச்சு. மேடு வரைக்கும் நடந்து போய், நின்னு, என்னைத் திரும்பிப் பாத்துட்டுப் போச்சு."

"நீ என்ன பண்ணுனே?"

"தகர வாளியைக் குச்சியால தட்டுனேன். வேற என்ன பண்ணச் சொல்றே, பாட்டுப் பாடவா?"

'உன் ரைஃபிள் இருந்திருந்தா'ன்னு எனக்கு வாயில வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். பதினாலு வயசுலேர்ந்து இந்தப் பொம்பளை கையில ஒரு ரைஃபிள் இருந்துச்சு. மாவட்டச் சந்தையில அவ வளத்த கிடா முதல் பரிசு வாங்க, அந்தக் காசுல அவளே கடைக்குப் போய் வாங்கினது. இருநூறு கஜத்துல கயோட்டியை ஒரே குண்டுல படுக்க வெப்பா. அவ கையில தகர வாளி!

லோவெல் சுட முடியாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியைப் பத்திரமாப் பிடிக்கச் சொல்லிக் குடுத்த மனுஷன். நாலு வருஷமா அவன் கண்ணோட நடுப்பகுதி செத்துப்போச்சு, ஓரத்துல மட்டும் பார்வை. உங்க முகத்தைப் பாக்கணும்னா உங்க காதைப் பாப்பான். ஒரு அடி உயரத்துல எழுதுனாத்தான் படிப்பான். அதனால ஆட்டு முதுகுல அவன் எழுதுற நம்பர் வால்லேர்ந்து கழுத்து வரைக்கும் நீளும். கண்ணு போன அன்னிக்கே, பாக்க முடியாதவன் வீட்ல துப்பாக்கி எதுக்குன்னு தன்னோடதையெல்லாம் ரெண்டு பொண்ணுங்களுக்கும் குடுத்தனுப்பிட்டான். காவலுக்கு ரெண்டு வெள்ளை நாய் இருந்துச்சு. ஒண்ணு அந்த வருஷக் குளிர்ல செத்துப்போச்சு, இன்னொண்ணு நொண்டி. அரசாங்கத்துல கயோட்டி பிடிக்கிற ஆள் ஒருத்தர் இருக்காரு, அவருக்கு ஃபோன் போட்டதுக்கு மே மாசம் பாக்கலாம்னுட்டாராம்.

"மே மாசம் வந்து எலும்பை எண்ணிட்டுப் போகட்டும்" அப்படின்னா ஆர்டிஸ்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உக்காந்தோம். ஆட்டுக்கறியும் வேகவெச்ச காரட்டும், அப்புறம் உருளைக்கிழங்கு மாவுல சுட்ட மெல்லிசு ரொட்டி. அதுல வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டித் தின்னா இன்னும் அம்பது ஆடு வெட்டலாம். ஆர்டிஸ் சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் புட்டியைத் திறந்து நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு விட்டுக்கிட்டா. கஞ்சா எண்ணெய். ஒளிச்சு மறைச்சு இல்லை, உப்பு டப்பா பக்கத்துலதான் புட்டி நிக்கும்.

அவளுக்கு அது எதுக்குன்னு சொல்லணும். ஏழு வருஷத்துக்கு முன்னாடி அரை டன் வைக்கோல் உருளை ஒண்ணு டிராக்டர்லேர்ந்து உருண்டு அவ தோள்மேல இறங்குச்சு. கழுத்து நரம்பு நசுங்கி, வலது கை ராத்திரி பகல் எரியும். டாக்டர் மாத்திரை குடுத்தாரு. நாலு வருஷம் தின்னா. வலி போச்சு, கூடவே ஆர்டிஸும் போயிட்டா. நான் ரோமம் வெட்ட வரும்போது ஜன்னல் பக்கத்துல உக்காந்திருப்பா, பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப அரை நிமிஷம் ஆகும். அந்தக் காலத்துல ஒருநாள் அவளே தன்னோட ரைஃபிளை எடுத்துக்கிட்டு வெண்டெலோட துப்பாக்கிக் கடைக்குப் போய், இதை வித்துடுன்னு வெச்சுட்டு வந்துட்டா. ஏன்னு யாரும் கேக்கலை. ரெண்டு வருஷம் கழிச்சு எங்கிட்ட ஒரு தடவை சொன்னா: "அது வீட்ல இருந்தா அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன்னு தோணுச்சு டெல்மர்." அவ்வளவுதான் சொன்னா. நான் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டிருந்தேன், விட்டுக்கிட்டே இருந்தேன், வழிஞ்சு கீழே போச்சு.

அப்புறம் மாத்திரையை விட்டா. மூணு வாரம் வாந்தியும் நடுக்கமும். மாநிலத்துச் சட்டப்படி டாக்டர்கிட்ட எழுதி வாங்கி, ஃபோட்டோ குடுத்து, கஞ்சா கார்டு எடுத்தா. மனுஷி திரும்பி வந்துட்டா. அவ சிரிப்புச் சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்ட அன்னிக்கு லோவெல் கண்ணைத் துடைச்சான், தூசின்னான்.

இப்போ அந்த ரைஃபிள் வெண்டெல் கடையிலேயே இருக்கு. அந்த நல்ல மனுஷன் அதை விக்கவே இல்லை. அலமாரிக்குப் பின்னாடி வெச்சிருக்கான்.

"சனிக்கிழமை போய் எடுத்துட்டு வரப் போறேன்" அப்படின்னா ஆர்டிஸ்.

லோவெல் ரொட்டியைக் கீழே வெச்சான். "ஃபாரம் எழுதணும்."

"என்ன ஃபாரம்? அது என் துப்பாக்கி!"

"விக்கிறதுக்குன்னு குடுத்தே. கடை நோட்டுல ஏறிடுச்சு. திரும்ப வாங்கணும்னா நீயும் புதுசா வாங்குற ஆள் மாதிரிதான். கஞ்சா பழக்கம் உண்டான்னு அதுல ஒரு கேள்வி இருக்கு."

"எனக்கு மாநிலம் கார்டு குடுத்திருக்கே."

"அந்தக் கேள்விக்குக் கீழேயே போட்டிருக்கான், உன் மாநிலத்துல செல்லும்னாலும் வாஷிங்டன் போட்ட நாட்டுச் சட்டத்துல குத்தம்தான்னு."

நான் குறுக்கே விழுந்தேன். "அட, 'இல்லை'ன்னு போட்டுட்டு வா ஆர்டிஸ். இந்த ஊர்ல எவன்தான் போடலை? வெண்டெல் என்ன உன் வாயை மோந்து பாக்கப் போறானா?"

"பொய்ன்னு தெரிஞ்சா ஜெயில்" அப்படின்னா ஆர்டிஸ்.

"தெரிஞ்சாத்தானே!"

"டெல்மர்" அப்படின்னா அவ, "கஞ்சாக் கடையில கார்டு இல்லாமலே வாங்கலாம், வயசு இருந்தாப் போதும். நீங்க எல்லாரும் அப்படித்தான் வாங்குறீங்க. எவன் பேரும் எங்கேயும் இல்லை. நான் மட்டும் நேர் வழியில போவோம்னு கார்டு எடுத்தேன். இப்போ மாநிலத் தலைநகர்ல ஒரு கம்ப்யூட்டர்ல என் மூஞ்சி இருக்கு. நேர் வழியில போனவ மூஞ்சி மட்டும் இருக்கு!"

"அந்த லிஸ்டை வாஷிங்டனுக்குக் குடுக்க மாட்டோம்னு மாநிலத்துல சொல்றாங்கல்ல" அப்படின்னான் லோவெல்.

"இன்னிக்குக் குடுக்க மாட்டாங்க. நாளைக்கு வேற ஆள் வந்து உக்காந்தா?"

"அதுக்குத்தான் சொல்றேன், அந்தக் கார்டைத் தூக்கி அடுப்புல போட்டுட்டு 'இல்லை'ன்னு எழுது."

"நீயா லோவெல் இதைச் சொல்றே? ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் உக்கார வெச்சு, துப்பாக்கி விஷயத்துல ஒரு சின்னப் பொய் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தவன்?"

அவன் முகம் செவந்துபோச்சு. லோவெலுக்குக் கோபம் வந்து நான் பாத்ததே இல்லை. "பொய்யா? நீ பொய்யே சொன்னதில்லையா? காலையிலதானே மேட்டுல செத்துக் கிடந்த அம்பத்தேழோட குட்டித் தோலை உரிச்சு, அநாதைக் குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டி, அம்பத்தேழாம் நம்பர் ஆட்டுகிட்ட இதான் உன் பிள்ளைன்னு விட்டே? மோந்து பாத்துட்டுப் பால் குடுத்துச்சு. அந்த ஆட்டை ஏமாத்தலையா நீ?"

நான் சிரிச்சுட்டேன். நியாயமான அடி. வருஷா வருஷம் எல்லாப் பட்டியிலயும் அதைத்தான் பண்றோம்.

ஆர்டிஸ் சிரிக்கலை. கையைத் துடைச்சுக்கிட்டு ரொம்ப நிதானமாச் சொன்னா: "அந்தத் தோலை மூணாம் நாள் நானே கழட்டிடுவேன். அதுக்குள்ள ஆட்டோட பால் குட்டி உடம்புல ஏறியிருக்கும், பொய்யே வேண்டாம், அது நிஜமாவே அவ பிள்ளை ஆயிடும். இந்தக் காகிதத்தை நான் எப்ப கழட்டுறது, சொல்லு? சாகுற வரைக்கும் மாட்டிக்கிட்டுத் திரியணும். ஒவ்வொரு தடவை அந்தத் துப்பாக்கியைத் தூக்கும்போதும் இதுக்குப் பொய் சொன்னேன்னு நினைக்கணும். என் துப்பாக்கியை நானே திருடின மாதிரி."

லோவெல் எழுந்து கொட்டகைக்குப் போயிட்டான். கதவை அவன் அறையலை, மெல்லத்தான் சாத்துனான், அது இன்னும் மோசமா இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை நான் கடைசி ஆட்டை வெட்டி முடிச்சேன். அன்னிக்கு விடியக்காலையில இன்னும் ரெண்டு குட்டி போயிருந்துச்சு. அதுல ஒண்ணு அந்தத் தோல் போத்துன அநாதைக் குட்டி. ஆர்டிஸ் மேட்டுக்கு ஏறிப் போனா. மேட்டுல கிடந்த சிவப்புப் பெயிண்ட் ஒட்டுன தோல் துண்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா. அம்பத்தேழு மறுபடி வேலி ஓரத்துல நின்னு கத்த ஆரம்பிச்சிடுச்சு. எனக்குக் கொதிச்சுது. என் வண்டியில ரைஃபிள் இருந்துச்சு, எடுத்து நீட்டுனேன்.

"இந்தா, வெச்சுக்கோ. ஒரு மாசம் கழிச்சுத் திருப்பிக் குடு."

"உன்னோடது எதுக்கு எனக்கு? எனக்குச் சொந்தமா ஒண்ணு இருக்கு."

"பிடிவாதம் பிடிக்காதே!"

"பிடிவாதம்தான்" அப்படின்னா. "வேற என்ன மிச்சம் இருக்கு எங்கிட்ட?"

சனிக்கிழமை மூணு பேரும் அவ வண்டியிலேயே போனோம். வெண்டெல் கடையில முன்னால ஆணியும் கோழித் தீவனமும், பின்னால துப்பாக்கி. சனிக்கிழமைன்னா நாலஞ்சு பேர் காப்பியைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பாங்க, வாங்குறதுக்கு இல்லை, வம்பளக்க. ஆர்டிஸ் உள்ளே நுழைஞ்சதும் வெண்டெலுக்கு எதுக்கு வந்திருக்கான்னு புரிஞ்சுபோச்சு. குண்டு மனுஷன், ஏறி இறங்குற மூச்சு. பின்னாலேர்ந்து ரைஃபிளை எடுத்து வந்து கவுண்டர் மேல படுக்க வெச்சான். மூணு வருஷமா அவன் எண்ணெய் போட்டுத் துடைச்சிருக்கான், கட்டை பளபளன்னு இருந்துச்சு. ஆர்டிஸ் தொடலை. பாத்துக்கிட்டே நின்னா.

"நீ அன்னிக்கு மட்டும், இது கொஞ்சம் இறுகுது, சரி பண்ணி வையின்னு சொல்லியிருந்தேன்னு வெச்சுக்கோ" அப்படின்னான் வெண்டெல், குரலை இறக்கி, "ரிப்பேர்னு எழுதியிருப்பேன். இன்னிக்கு ஒரு காகிதமும் இல்லாம கையில தூக்கிக் குடுத்திருப்பேன். விக்கிறதுக்குன்னு சொல்லித் தொலைச்சே. நானும் எழுதித் தொலைச்சேன்."

"விக்கத்தானே வந்தேன் அன்னிக்கு."

"அந்தப் பக்கத்துல காப்பி கொட்டிடுச்சுன்னு வையி..." அவன் தன் கோப்பையைப் பாத்தான், நோட்டைப் பாத்தான். "கை நடுங்குற வயசு எனக்கு. கொட்டாதா என்ன? திரும்ப எழுதும்போது ரிப்பேர்னு..."

"அப்புறம் வாஷிங்டன்காரங்க வந்து நோட்டைப் பாத்தா உன் கடை போகும். உங்க அப்பா கட்டுன கடை. எடு ஃபாரத்தை."

"ஆர்டிஸ், நான் சொல்றதைக் கேளு. உன் பதில் என்னன்னு எனக்குத் தெரியாது. எனக்குக் காது கேக்காது, கண்ணு தெரியாது. நீ எங்கே டிக் போடுறியோ அதைத்தான் நான் பாப்பேன்."

"அதான் சொல்றேன், எடு."

ஃபாரம் வந்துச்சு. பேரு, ஊரு, பிறந்த தேதி, உயரம், எடை. எடையில அவ ரெண்டு பவுண்டு குறைச்சுப் போட்டாளோன்னு எனக்கு ஒரு சந்தேகம், ஆனா பொம்பளைகிட்ட அதைக் கேக்க நான் முட்டாள் இல்லை. வலது கை விரல் ரெண்டு மடங்காது, பேனாவைக் குட்டியோட கால் மாதிரி உள்ளங்கையில பிடிச்சு மெல்ல எழுதுவா. அந்தக் கேள்விக்கு வந்துட்டா. காப்பிக் கோப்பைக்காரங்க எல்லாரும் ஆணிப் பெட்டியைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. லோவெல் ஓரக்கண்ணால, அவனுக்குத் தெரிஞ்ச ஒரே மாதிரி, அவ தோளுக்குப் பக்கத்துல எங்கேயோ பாத்துக்கிட்டிருந்தான்.

'ஆமா'ங்கிற கட்டத்துல டிக் போட்டா. அதோட விடலை. அது மேலேயே இன்னொரு தடவை, அழுத்தி.

காகிதத்தைத் திருப்பி வெண்டெல் பக்கம் தள்ளுனா. வெண்டெல் ரொம்ப நேரம் அதைப் பாத்தான். அப்புறம் ரைஃபிளை எடுத்துக்கிட்டுப் பின்னால போனான். திரும்பி வரும்போது மூக்கை உறிஞ்சினான்.

"என்னால குடுக்க முடியாதும்மா."

"தெரியும். இந்தக் காகிதம் எங்கே போகும்?"

"இங்கேதான். கடையை மூடுற வரைக்கும் நான் வெச்சிருக்கணும். மூடுனா மூட்டை கட்டி அவங்களுக்கு அனுப்பணும்."

"ஆக, கார்டு ஒரு லிஸ்ட்ல, காகிதம் இன்னொரு லிஸ்ட்ல."

"ஆமா."

"சரி, எனக்கு ஒரு காப்பி எடுத்துக் குடு."

"எதுக்கு?"

"எல்லாரும் என்னைப் பத்தி ஒரு காகிதம் வெச்சிருக்காங்க. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்." அப்புறம் அவ கடையில நின்னவங்க பக்கம் திரும்பினா. குரலை ஏத்தலை. "கேளுங்கப்பா. நாலு வருஷம் நான் டாக்டர் குடுத்த மாத்திரையைத் தின்னேன். என் பொண்ணு பேரு எனக்கு மறந்துபோன நாள் உண்டு. அன்னிக்கு இந்தக் கடைக்கு வந்து புதுத் துப்பாக்கி பத்து கேட்டிருந்தாலும் குடுத்திருப்பாங்க. டாக்டர் சீட்டு, ஒரு கேள்வி கிடையாது. இப்போ என் புத்தி என் தலையில இருக்கு. குட்டி எத்தனை, ஆடு எத்தனை, எது எங்கே நிக்குதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்றேன். இப்போ நான் ஆபத்தாம்."

அவ கண்ணு என் மேல வந்து நின்னுச்சு. பாழாப்போச்சுன்னு நினைச்சேன்.

"டெல்மர், நீ எத்தனை தடவை 'இல்லை'ன்னு போட்டே?"

ராத்திரி முதுகு வலிக்கு நான் எதைத் தின்னுறேன்னு அவளுக்குத் தெரியும். அவ வீட்டு மேசையிலேயே உக்காந்து தின்னிருக்கேன். ஆணிப் பெட்டியில ரெண்டு அங்குல ஆணி நல்லா இருந்துச்சு, அதையே பாத்தேன்.

"மூணு."

"கேக்கலை."

"மூணு தடவை!"

"நல்லது" அப்படின்னா. அதுல குத்தல்கூட இல்லை. குத்தல் இருந்திருந்தா பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

வீட்டுக்குப் போற வழி நாப்பது மைல். கேட்டுக்குப் பக்கத்துல வரும்போது லோவெல் வாயைத் திறந்தான். "நிறுத்து. கொட்டகையில ஒரு பலகை இருக்கு, எட்டடி. எடுத்துட்டு வா டெல்மர். பெயிண்டும்."

ஆட்டுக்கு நம்பர் போடுற அதே சிவப்புப் பெயிண்ட். பலகையை ரோட்டைப் பாத்த மாதிரி கேட்டுல சாத்தி வெச்சோம். அவன் மண்டியிட்டு, முகத்தைப் பக்கவாட்டுல திருப்பிக்கிட்டு, கையால அளந்து அளந்து எழுதுனான். ஒவ்வொரு எழுத்தும் ஒரு அடி. எழுதி முடிச்சதும் நான் படிச்சேன்: 'ஆமா. ஆர்டிஸ் ஹௌகன்.'

"அன்னிக்கு உன்னைப் பொய் சொல்லச் சொன்னேன்" அப்படின்னான் அவகிட்ட, எழுந்திருக்காமலே. "முப்பது வருஷம் வாத்தியார். வெக்கமா இருக்கு ஆர்டிஸ்."

"எழுந்திரு, முட்டி பிடிச்சுக்கும்" அப்படின்னா அவ. ஆனா அவளே போய்த் தூக்கிவிட்டா, தூக்குன கையை விடவும் இல்லை. ஃபாரத்தோட காப்பியை மழை படாம ஒரு பிளாஸ்டிக் உறையில போட்டு, பலகை ஓரத்துல நாலு ஆணி அடிச்சு மாட்டுனா. "ஒளிஞ்சு ஒளிஞ்சு லிஸ்ட் வெச்சுக்கிறாங்கல்ல? இது ரோட்டுலயே இருக்கட்டும். தபால்காரனும் படிக்கட்டும், பள்ளிக்கூட பஸ்ஸும் படிக்கட்டும்."

அடுத்த நாள் விடியும்போது நான் என் ரைஃபிளோட அவ மேட்டுக்குப் போனேன். ஆர்டிஸ் ஒரு பழைய கோட்டுல, கையில காப்பி ஃபிளாஸ்கோட, எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருந்தா. அன்னிக்கு என் முதல் குண்டு குறி தப்பிடுச்சு.

"என்னப்பா, வானத்தைச் சுடுறியா?"

"காத்து அடிச்சுது."

"காத்து எங்கே? பேசாம மூச்சை விட்டுட்டுப் பிடி. நான் சொல்லும்போது விடு." அவளுக்குத் துப்பாக்கி இல்லை, கண்ணு இருந்துச்சு. எனக்குத் துப்பாக்கி இருந்துச்சு. அரை மணி நேரம் குப்புறக் கிடந்தோம். பனி முழங்கையில ஏறுச்சு. புல்லுக்குள்ள ஒரு சாம்பல் நிறம் நகர்றதை அவதான் முதல்ல பாத்தா. "நடக்குது பாரு, அதே திமிர். இன்னும் வரட்டும். வரட்டும். இப்ப." விட்டேன். அது மேட்டுல நின்னு திரும்பிப் பாக்கலை அன்னிக்கு.

ஏப்ரல் முடியுற வரைக்கும் தினம் போனேன். என் முதுகு என்னைக் கெட்ட வார்த்தையில திட்டுச்சு. மூணு கயோட்டி விழுந்துச்சு, மத்ததுங்க வேற பக்கம் போயிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டே ரெண்டு குட்டிதான் போச்சு, அதுவும் பனியில. அம்பத்தேழுக்கு இன்னொரு அநாதையை அந்தத் துண்டுத் தோலையே போத்தி விட்டாங்க. மூணாம் நாள் ஆர்டிஸ் தோலைக் கழட்டுனா, ஆடு நக்குறதை நிறுத்தலை.

தினம் அந்த கேட்டுக்கு முன்னால போறேன், வர்றேன். அந்தச் சிவப்பு எழுத்து என்னைப் பாக்கும். நான் ரேடியோவைத் திருகுவேன். ஷெரிஃப் ஆபீஸ் வண்டி ஒருநாள் அங்கே நின்னு, யாரோ இறங்கி ஃபோட்டோ எடுத்துட்டுப் போனதைப் பாத்தேன். ஆர்டிஸ்கிட்ட சொன்னேன்.

"நல்லா வந்துச்சாமா ஃபோட்டோ?" அப்படின்னா. ஆனா பலகையை எடுக்கலை. பயம் அவளுக்கும் இருந்துச்சு, அன்னிக்கு முழுக்க ரோட்டுல வண்டிச் சத்தம் கேட்டாத் தலையைத் தூக்கிப் பாத்தா.

மே மாசம் முதல் ஞாயிறு. என் கேட்டுல எனக்கும் ஒரு பலகை உண்டு: 'டெல்மர், ஆட்டு ரோமம் வெட்டித் தரப்படும்', கீழே ஃபோன் நம்பர். பதினஞ்சு வருஷமா இருக்கு. ஹௌகன் கொட்டகையிலேர்ந்து கொஞ்சம் பெயிண்ட் என் வண்டியிலேயே தங்கிப் போயிருந்துச்சு. தங்கிப் போச்சு என்ன, நான்தான் எடுத்துட்டு வந்தேன். என் வீட்ல ஏழு துப்பாக்கி இருக்கு. எங்க அப்பாவோடது ரெண்டு. எழுதுனா அத்தனையும் பிடுங்கிட்டுப் போகலாம். அதையெல்லாம் நினைச்சுக்கிட்டு அரை மணி நேரம் கேட்டு முன்னால நின்னேன். கோழை கோழைன்னு என்னையே திட்டிக்கிட்டேன். அப்புறம் ஃபோன் நம்பருக்குக் கீழே எழுதுனேன்: 'ஆமா.' சின்ன எழுத்துலதான், உண்மையைச் சொல்றேன்.

சர்ச் முடிஞ்சு அவங்க வண்டி வந்துச்சு. ஆர்டிஸ் ஓட்டுறா, லோவெல் பக்கத்துல. வண்டி மெதுவாகி நின்னுச்சு. ஜன்னல் கண்ணாடி இறங்குச்சு. லோவெல் தலையைப் பக்கவாட்டுல சாய்ச்சு, அப்படியும் இப்படியும் திருப்பி, என் பலகையைப் பாத்தான், ரொம்ப நேரம் பாத்தான்.

ஆர்டிஸ் அவனைத் தாண்டி எட்டிப் பாத்தா. எழுத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா, என் கையில இருந்த பிரஷ்ஷைப் பாத்தா.

"டெல்மர்" அப்படின்னா, "லோவெலுக்குத் தெரியலையாம். பெருசா எழுது."

வண்டி போயிடுச்சு. நான் கொட்டகைக்குப் போய் எட்டடிப் பலகை ஒண்ணை இழுத்துட்டு வந்தேன்.